பாத்ரூமை நீங்களே உடைத்துக் கட்டப் போகிறீர்களா? டைல்ஸ் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீடு திருச்சியில், 1990களின் நடுவில் கட்டியது. மாடி பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி. அதற்கு நேர் கீழே அம்மாவின் பூஜை அலமாரி, அந்த அலமாரிக்கு மேல் சீலிங்கில் ஒரு ஈரக்கறை. பெயிண்ட் அடிக்க வருகிறவர் ஒவ்வொரு தடவையும் அதன்மேல் வெள்ளையைத் தடவிவிட்டுப் போவார், மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே வடிவத்தில் அது திரும்ப வந்து உட்காரும். மேலே டைல்ஸை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து, கூலி கேட்டு மலைத்து, வீடியோக்களைப் பார்த்துத் தைரியம் வந்து நானே இறங்கினேன். இரண்டு சனி ஞாயிறு போதும் என்பது என் கணக்கு. ஆனது 37 நாள். அந்த 37 நாளும் வீட்டில் ஐந்து பேருக்கும் கீழ் பாத்ரூம் ஒன்றுதான். ஆகவே உங்கள் வீட்டில் இருப்பதே ஒரு பாத்ரூம் என்றால் இந்த வேலையைத் தனியாகத் தொடங்காதீர்கள், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. டைல்ஸுக்கு நடுவே இருக்கிற இணைப்பு வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். அதைக் கீழே போகவிடாமல் பிடிப்பது அடியில் இருக்கிற வாட்டர்ப்ரூஃப் பூச்சு, வெளியே துரத்துவது வாட்டம், அதாவது தரையின் சரிவு. டைல்ஸ் டிசைன் பார்க்க நான் நான்கு கடை ஏறி இறங்கினேன், வாட்டத்தைப் பற்றி பத்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதற்கான தண்டனையைப் பின்னால் சொல்கிறேன்.

எதில் கை வைக்கக் கூடாது

மின்சாரம். 2000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், அதற்குத் தனி வயர், எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட், வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடுகிற ஆர்சிசிபி சுவிட்ச், இவை மூன்றும் வேண்டும். ஈரத்தில் நிற்கிற இடம் இது. லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை ஒரு நாள் கூப்பிட்டுக் காசு கொடுத்துவிடுங்கள். கீசர் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கமோடின் இடம். அதை ஒரு அடி நகர்த்தினால் 4 இஞ்ச் பைப்பையும் நகர்த்த வேண்டும், அந்தப் பைப்புக்கு வாட்டம் வேண்டும், அதற்குத் தரையில் ஆழம் வேண்டும். பழைய இடத்திலேயே விடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. சத்தம் ஒரு பக்கம், தரையில் தண்ணீர் நிறுத்திக் கசிவு பார்க்கிற பாண்ட் டெஸ்ட்டின்போது அவர் சீலிங்கைத்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

உடைப்பது

மேலிருக்கும் டேங்கின் வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, லைனில் இருக்கும் தண்ணீர் வடிந்த பிறகு ஆரம்பியுங்கள். உளியும் சுத்தியலும் வைத்து ஒரு சுவரை முடிப்பதற்குள் எனக்குத் தோள் போய்விட்டது. உடைக்கிற மெஷினை நாள் வாடகைக்கு எடுங்கள், சொந்தமாக வாங்காதீர்கள். கண்ணாடி, முகமூடி, காதுக்கு இயர் பிளக், காலுக்கு ஷூ. செருப்போடு செய்யாதீர்கள், உடைந்த டைல்ஸின் விளிம்பு பிளேடு மாதிரி.

முதல் அடி அடிப்பதற்கு முன்னால் தரையில் தண்ணீர் வடிகிற ட்ராப்பையும் கமோட் பைப்பின் வாயையும் சாக்கைச் சுருட்டி இறுக்கமாக அடைத்துவிடுங்கள். நான் ட்ராப்பை அடைத்தேன், வாஷ்பேசின் அவுட்லெட்டை மறந்தேன். அதற்குள் விழுந்த காரைத்துண்டை எடுக்க ஒரு சாயங்காலம் முழுக்கக் கம்பியை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடிபாடு எவ்வளவு வரும் என்பதை யாரும் முன்னால் சொல்வதில்லை. இந்தச் சின்ன பாத்ரூமில் சிமெண்ட் சாக்கில் 45 மூட்டை வந்தது, எல்லாம் மாடியிலிருந்து இறங்க வேண்டும். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஏற்றிப் போக ஒரு குட்டி யானை பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தெருவில் கிடந்து பக்கத்து வீட்டோடு சண்டை வரும்.

பைப் லைன்

பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை வெட்டிப் பார்த்தபோது உள்ளே துரு ஏறி, முக்கால் இஞ்ச் பைப்பில் பென்சில் நுழைகிற அளவு ஓட்டைதான் மிச்சம் இருந்தது. அத்தனை வருஷமும் ஷவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். வெந்நீருக்குச் சூடு தாங்குகிற பிளாஸ்டிக்கான சிபிவிசி பைப் போடுங்கள். சாதாரண பிவிசி வெந்நீரில் இளகிவிடும்.

சிபிவிசி ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. நேராக வெட்ட வேண்டும், விளிம்பில் இருக்கும் பிசிறை எடுக்க வேண்டும், பைப்பிலும் ஃபிட்டிங்கிலும் சால்வன்ட் பசை தடவி, உள்ளே தள்ளும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். அந்த அரை நிமிடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம், விட்டால் பைப் மெதுவாக வெளியே தள்ளும். குழாய் மாட்டுகிற இடத்தில் எல்லாம் பித்தளை மரை உள்ள எல்போ (வளைவு இணைப்பு) வாங்குங்கள், பிளாஸ்டிக் மரையில் பித்தளைக் குழாயை முறுக்கினால் என்றாவது ஒரு நாள் விரியும். வெந்நீர் இடது கை, பச்சைத் தண்ணீர் வலது கை. இரண்டையும் கலந்து தருகிற வால் மிக்ஸர் என்றால் இரண்டு பாயிண்டுக்கும் நடுவே 150 மி.மீ., மையத்திலிருந்து மையம், இரண்டும் ஒரே மட்டம். மிக்ஸரோடு வருகிற வளைந்த கால்கள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் சமாளிக்கும், ரொம்ப இருந்தால் முடியாது.

இங்கே புதியவர்கள் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது, நானும் விழுந்தேன். எல்போவை உடைத்த சுவரோடு சமமாக வைத்துப் பதித்தேன். அப்புறம் அதன்மேல் பூச்சு 12 மி.மீ., டைல்ஸ் பசை 4, டைல்ஸ் 8. கூட்டிப் பாருங்கள், 24 மி.மீ., ஏறக்குறைய ஒரு இஞ்ச் உள்ளே போய்விட்டது. குழாயை மாட்டப் போனால் மரை எட்டவே இல்லை. நல்லவேளையாக எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்று ஒன்று பிளம்பிங் கடையில் கிடைக்கிறது, அரை இஞ்ச், ஒரு இஞ்ச் என்று. பிழைத்தேன். தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடுகிற, சுவருக்குள் பதிக்கிற டைவர்ட்டர் வாங்கியிருந்தால் இவ்வளவு எளிதில் தப்பித்திருக்க மாட்டேன். ஆகவே எல்போ பதிக்கும்போது ஒரு டைல்ஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்த சுவரின் முகம் எங்கே வரும் என்று பிடித்துப் பார்த்துப் பதியுங்கள். கமோடும் இதே கதைதான். கழிவு தரை வழியாக இறங்குகிற எஸ் ட்ராப் கமோடுக்குச் சுவரிலிருந்து குழியின் மையம் 9 இஞ்சா 12 இஞ்சா என்று கடையில் கேட்பார்கள், அந்த அளவு டைல்ஸ் ஏறிய சுவரிலிருந்து எடுக்க வேண்டியது. வெறும் செங்கல்லிலிருந்து 9 அளந்து சொன்னால், கமோட் வந்தபின் சுவரில் முட்டும்.

பைப் ஒட்டி 24 மணி நேரம் கழித்து எல்லா வாயையும் டம்மி பிளக்கால் அடைத்து டெஸ்ட் செய்யுங்கள். டேங்க் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. டேங்க் 10 அடி உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான் வரும், அதில் ஒழுகாத இணைப்பு நாளைக்குப் பிரஷர் பம்ப் வைத்ததும் ஒழுகும். கையால் அடிக்கிற டெஸ்ட் பம்ப் வாடகைக்குக் கிடைக்கும். அடித்து, முள்ளைப் பார்த்து, ஓர் இரவு விட்டு, காலையில் முள் அதே இடத்தில் நின்றால்தான் சுவரை மூட வேண்டும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், டேப்பை விரித்துப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு கண்ணாடி மாட்ட, டவல் கம்பி மாட்ட டிரில் போடும்போது இந்தப் படங்கள்தான் பைப்பைக் காப்பாற்றும்.

வாட்டர்ப்ரூஃப்

கடையில் பவுடரும் பாலும் சேர்ந்த இரண்டு பாகக் கலவை கேளுங்கள். தரையைக் கூட்டிக் கழுவி, தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் இருக்கும்போது பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். தரையும் சுவரும் சேர்கிற மூலையில் செங்குத்தாக விடாமல், கலவையை விரலால் இழுத்த மாதிரி வளைவாகப் பூசிவிட்டு அதன்மேல் அடியுங்கள், செங்கோண மூலையில்தான் முதல் வெடிப்பு விழும். முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக. இரண்டுக்கும் இடைவெளி பையில் போட்டிருக்கிறபடி. சுவரில் குறைந்தது ஒரு அடி, ஷவர் இருக்கிற சுவரில் 6 அடி வரை ஏற்றுங்கள்.

பூச்சு நன்றாகக் காய்ந்தபின் ட்ராப்பை ரப்பர் பிளக்கால் அடைத்து, வாசலில் கலவையால் சின்ன வரப்புக் கட்டி, 2 இஞ்ச் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் தண்ணீர்க்கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது 48 மணி நேரம். பக்கத்திலேயே ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டு வைத்தால், ஆவியாகிக் குறைந்தது எவ்வளவு, கசிந்து குறைந்தது எவ்வளவு என்று குழப்பம் வராது.

எங்கள் வீட்டில் முதல் இரவு பதினொன்றரைக்குக் கீழேயிருந்து சத்தம். "டேய், சாமி படத்துமேல சொட்டுதுடா!" ஓடிப் போய் டார்ச் அடித்துப் பார்த்தால், அத்தனை வருடமாகக் கறையாக மட்டும் இருந்த இடத்தில் இப்போது முத்து முத்தாகத் தண்ணீர். அம்மா முருகரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டுத் தேடினால், தரை ட்ராப்பின் கழுத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் போகிற இடைவெளி. அதற்குள் பழைய கலவை பொடிப் பொடியாக உதிர்ந்தது. கறைக்குக் காரணம் அதுதான், டைல்ஸ் இல்லை. நான் அந்த இடைவெளியின் மேலேயே பூச்சை அடித்திருந்தேன், அது பாலம் மாதிரி நின்று விரிந்துவிட்டது. பைப் தரையைத் துளைக்கிற ஒவ்வொரு இடத்தையும் சுற்றிச் செதுக்கி, காய்ந்தாலும் சுருங்காத க்ரௌட் என்ற நிரப்புக் கலவையைத் திணித்து, அப்புறம்தான் பூச்சு. இரண்டாவது டெஸ்ட்டில் கோடு பக்கெட்டோடு சேர்ந்தே இறங்கியது.

சுவர் டைல்ஸ்

கணக்கு முதலில். சுற்றளவு 24 அடி, உயரம் 7 அடி, 168 சதுர அடி. கதவும் ஜன்னலும் கழித்தால் சுமார் 150. 300க்கு 450 மி.மீ. டைல்ஸ் ஒன்று 1.45 சதுர அடி, ஆக 103 டைல்ஸ், வெட்டுச் சேதம் 10 சதவீதம் சேர்த்து 114. பெட்டிக்கு 6 என்றால் 19 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், வேறு பேட்ச் என்றால் நிறம் லேசாக மாறும், குழல் விளக்கு வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரியும். மிஞ்சுவதில் நாலைந்தைப் பரணில் போட்டு வையுங்கள்.

சிமெண்ட் பாலா, டைல்ஸ் பசையா? விட்ரிஃபைட் டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, சிமெண்ட் அதைப் பிடிக்க வழியே இல்லை, பசைதான் வேண்டும். பையில் டைப் 1, டைப் 2 என்று போட்டிருக்கும், ஐஎஸ் 15477 தரப்படி வருகிற வகை அது. சின்ன செராமிக்குக்கு 1, விட்ரிஃபைடுக்கு 2. 20 கிலோ பை 40 முதல் 50 சதுர அடி வரும். பழைய முறையில் சிமெண்டில் ஒட்டினால் செராமிக்கை ஊற வைக்க வேண்டும், பசையில் ஒட்டினால் ஊற வைக்கக் கூடாது. நான் முதல் 20ஐ ஊற வைத்துவிட்டேன், மறுபடி வெயிலில் காய வைத்தேன்.

ஒட்டுவது அடி வரிசையிலிருந்து அல்ல. தரை இன்னும் வரவில்லை, அதன் மட்டமும் சாய்வு. ஆகவே அடி வரிசையை விட்டுவிட்டு, இரண்டாவது வரிசையின் அடிக்கோட்டில் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ட்யூப்) வைத்து நாலு சுவரிலும் மட்டம் குறித்து, அந்தக் கோட்டில் ஒரு மர ரீப்பரை ஆணியடித்து, அதன்மேல் அடுக்கிக்கொண்டு மேலே போங்கள். தரை போட்டபின் அடி வரிசையை வாட்டத்துக்கு ஏற்ப வெட்டி இறக்கினால் விளிம்பு சுத்தமாக உட்காரும். பசையைப் பல் கரணையால் ஒரே திசையில் கோடு கோடாக இழுத்து, டைல்ஸை வைத்து லேசாக ஆட்டி அழுத்துங்கள். பத்துக்கு ஒன்றை உடனே பிடுங்கிப் பின்பக்கம் பாருங்கள், பசை முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். காய்ந்தபின் நாணயத்தால் தட்டினால் டொக் டொக் என்று கேட்பது உள்ளே காலி.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேர் வெட்டுக்குக் கைக் கட்டர், மூலை வெட்டுக்கு டைமண்ட் பிளேடு போட்ட கிரைண்டர், குழாய் ஓட்டைக்கு வட்ட பிட். கிரைண்டரின் கார்டைக் கழற்றிவிட்டு வெட்டாதீர்கள், எத்தனை பேர் அப்படி வெட்டுவதைப் பார்த்திருந்தாலும்.

தரை: என் ஆறு டைல்ஸ்

சரி, தண்டனைக்கு வருவோம். மீட்டருக்கு 10 மி.மீ. இறக்கம் வேண்டும். எங்கள் கதவு மூலையிலிருந்து எதிர் மூலை ட்ராப்புக்கு 2.6 மீட்டர், ஆக மொத்தம் ஒரு இஞ்ச் இறக்கம். இதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து, ஒவ்வொரு டைல்ஸும் ட்ராப் பக்கம் சாய்கிறது என்று திருப்தியாகி, மறுநாள் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். பெரும்பகுதி ஒழுங்காக ஓடியது. கமோட் வரப்போகிற இடத்துக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குளம், அசையவே இல்லை.

பக்கத்துத் தெருவில் ஓய்வாக இருக்கிற கொத்தனார் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர் உள்ளே வரவில்லை, வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, என் பையனிடம் ஒரு கோலிக்குண்டு வாங்கித் தரையில் உருட்டிவிட்டார். அது ட்ராப்பை நோக்கிப் போய், பாதியில் யோசித்து, இடது பக்கம் திரும்பிக் கமோட் பக்கம் போய் நின்றது.

"தம்பி, ரசமட்டம் பொய் சொல்லாது. ஆனா நீங்க அத எங்கெங்க வைக்கலன்னு அது சொல்லாது."

டைல்ஸ் டைல்ஸாகப் பார்த்ததுதான் என் தப்பு. ஒவ்வொன்றும் சாய்ந்திருந்தது, எல்லாம் ஒரே இடத்தை நோக்கிச் சாயவில்லை. அவர் சொன்ன முறை இது. ட்ராப் ஜாலியின் விளிம்பு உயரத்தை முதலில் உறுதி செய்யுங்கள், அதுதான் தரையிலேயே தாழ்ந்த புள்ளி, டைல்ஸைவிட நூலளவு கீழே. அங்கிருந்து நாலு மூலைக்கும் நூல் கட்டி, மூலையின் உயரத்தைக் கணக்குப்படி குறித்து, நூலுக்கடியில் அடிக்கொரு கலவைப் பொட்டு வைத்து, அதன் தலையில் டைல்ஸ் துண்டு பதித்து விடுங்கள். பொட்டு இறுகினபின் நடுவே கலவை கொட்டி, பொட்டுக்குப் பொட்டு மட்டப்பலகையால் இழுத்தால் வாட்டம் தானாக வரும். டைல்ஸ் அந்த முதுகின்மேல் ஏறுகிறது, அவ்வளவுதான். கலவையிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டு, அப்புறம் டைல்ஸ் போடலாம். நான் ஆறு டைல்ஸை உடைத்து எடுத்தேன், அடியில் இருந்த வாட்டர்ப்ரூஃபைக் குத்திவிடக் கூடாதே என்று உளியைப் படுக்க வைத்துப் படுக்க வைத்து, ஒரு நாள் முழுக்க.

தரைக்கு 300க்கு 300 மி.மீ., சொரசொரப்பானது போதும். பெரிய டைல்ஸ் நாலு பக்கச் சரிவுக்கு வளையாது, மூலைவாட்டில் வெட்ட வேண்டி வரும். பாத்ரூம் தரை வெளித்தரையைவிட அரை இஞ்சாவது தாழ்ந்திருக்கட்டும். ட்ராப் வாங்கும்போது உள்ளே 50 மி.மீ. தண்ணீர் நிற்கிற மாதிரி ஆழமானதாக வாங்குங்கள், கரப்பானையும் நாற்றத்தையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் அது வற்றி நாறும், ஒரு சொம்பு ஊற்றினால் சரியாகும்.

கடைசி வேலைகள்

டைல்ஸ் இடுக்கை நிரப்புகிற க்ரௌட்டில் எபாக்சி (பிசின்) வகைக்கு விலை அதிகம். ஆனால் நம் ஊரில் உப்புத் தண்ணீர்க் கறைக்கு ஆசிட் ஊற்றுகிற பழக்கம் இருக்கிறதே, அதற்குச் சிமெண்ட் க்ரௌட் கரைந்துவிடும், தரைக்காவது எபாக்சி போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், முக்கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும். டைல்ஸ் மேல் பட்டதை அப்போதே ஸ்பாஞ்சால் துடையுங்கள். "சாப்பிட்டுவிட்டு வந்து துடைக்கலாம்" என்று போனதன் அடையாளம் எங்கள் வாஷ்பேசினுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

கமோடுக்கு அடியில் சிமெண்டைக் கொட்டி உட்கார வைக்காதீர்கள், கழற்ற வேண்டி வந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்க்ரூ போட்டு, சுற்றி சிலிகான். பின்பக்கம் இரண்டு விரல் அகலம் சிலிகான் இல்லாமல் விடுங்கள், அடியில் கசிந்தால் அந்த வழியாகத் தெரிய வரும். டெஃப்லான் டேப்பை மரை ஏறுகிற திசையிலேயே சுற்றுங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது உருண்டு வெளியே வந்துவிடும். கதவை மாட்டும் முன் அடிப்பக்கத்தைப் புதுத் தரைக்கு அளந்து பாருங்கள், எங்களுடையது உரசியது.

கீழே சீலிங்கில் இருக்கிற கறைக்கு உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். ஸ்லாப்பில் ஏறிய ஈரம் வற்ற மாதங்கள் ஆகும். கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள், மாதம் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். எங்கள் சீலிங்கில் இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கோடு இருக்கிறது, உள்கோடு ஒரு தோசைக்கல் அளவு. பெயிண்ட்காரரைக் கூப்பிடட்டுமா என்று போன வாரம் கேட்டேன். அம்மா மேலே பார்த்துவிட்டு, முருகரை இன்னும் கொஞ்ச நாள் ஹாலிலேயே வைத்திருப்போம் என்றார்.